நின்றுபோன படம்

"மொதலாளி, கம்ப்யூட்டரு மறுபடி நின்னுருச்சுங்க!"

ஹட்டனில் இன்டர்நெட் கடை வைத்திருந்த மஃறூப் எழுந்து வந்தார். கூப்பிட்டது டிக்கோயா தேயிலைத் தோட்டத்து ராக்காயி. அவள் மகள், குவைத்தில் தான் வேலை செய்யும் வீட்டிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுடைய பாதிச் சிரிப்பு திரையில் அசையாமல் நின்றது.

மஃறூப் வயரை மாற்றி, மெஷினை அணைத்துப் போட்டு, மறுபடி லைனை எடுத்துக் கொடுத்தார். மகள் கலகலவென்று பேசினாள்.

"கையில என்னா தாயி கட்டு?" என்றாள் ராக்காயி.

படம் உறைந்தது.

"அப்பவும் இதைக் கேட்டப்பதாங்க நின்னுச்சு."

மஃறூப் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். அசையாத மகளின் தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"மெஷின் பழசும்மா," என்றார் மெதுவாக. "வேற ஏதாவது கேளுங்க."