மூன்றாவது சென்சார்

மாசிலாமணியின் பழைய லாரிக்கு மூன்றாவது சென்சார் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புகையை முகர்ந்து காற்றின் அளவைச் சொல்வது அதன் வேலை. வந்த நாள் முதல், "காத்து அதிகமா இருக்கு" என்றே சொன்னது. சொன்னபோதெல்லாம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அண்ணே, நான் சொல்றது சரிதானே?" என்று விளக்கிடம் கேட்டது சென்சார்.

"முன்னாடி இருந்த ரெண்டு பேரும் இதையேதான் சொன்னாங்க தம்பி," என்றது விளக்கு. "வண்டியில என்ன கோளாறுன்னு பாக்கிற கருவியில சொன்னவன் பேர்தான் வருது. மாசிலாமணி பேரைப் பாத்தாரு, ஆளைக் கழட்டிட்டாரு. என்னைக் கழட்ட முடியல. மேல ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிட்டாரு."

தன் மூக்கில்தான் கோளாறோ என்று சென்சார் குழம்பியது. வாயை மூடிக்கொண்டால் பிழைக்கலாம். ஆனாலும் காற்று அதிகமாகத்தான் இருந்தது. மறுபடியும் சொன்னது.

ஞாயிறு காலை மாசிலாமணி ஸ்பேனரோடு வந்தார். இன்ஜினை அணைக்க மறந்து, பானட்டைத் திறந்து குனிந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியை, இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தால், குழாயின் அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு; அதிகக் காற்று அது வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

"அட, நீயா?"

"என்னை யாருமே கேக்கலையே," என்றது குழாய்.

புதுக் குழாய் மாட்டினார். சீட்டுக்கடியில் கிடந்த பழைய சென்சார்கள் இரண்டையும் துடைத்து ஒரு டப்பாவில் வைத்தார். பொட்டையும் உரித்தார்.

மாலையில் வண்டி கிளம்பியபோது, "எல்லாம் சரியா இருக்கு" என்றது சென்சார். விளக்கு எரியவில்லை.

"அண்ணே, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு தம்பி. அதுக்கெல்லாம் நான் எரிய மாட்டேன். பேசாம வா."