அலமாரி உச்சிக்குக் கீழே ஒரு கோடு

கடலோர அலுவலகத்துக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. கடல் தடுப்புச் சுவரின் உயரத்தை அதிகாரி இன்றைக்கு முடிவுசெய்தாக வேண்டும். மிக மோசமான வெள்ளம் வந்தால் இந்த அறையில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று, என்ஜினியர் நாற்காலியில் ஏறிச் சாக்பீஸால் கோடு இழுக்கிறாள். கோடு காலண்டரைக் கடந்து, அலமாரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. “நூத்துல ஒரு வாய்ப்பும்மா அது. அதுக்காகக் கட்டினா கஜானாவைத் துடைச்சு வச்சிட்டுப் போக வேண்டியதுதான்” என்கிறார் அதிகாரி. “நூறு பஸ்ல ஒண்ணு கவிழும்னா உங்க பேத்தியை ஏத்தி விடுவீங்களா சார்?” “நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.” அவர் சிரிக்கிறார், அவள் சிரிக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் சாக்பீஸ் தூள் பறந்து, மேசைமேல் இருக்கும் பேத்தியின் படத்தில் படிகிறது. அவர் குறைந்த உயரத்துக்கே கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுகிறார். பிறகு படத்தை எடுத்துச் சட்டை நுனியால் துடைக்கிறார். திரும்ப மேசையில் வைக்கப்போன கை நின்றுவிடுகிறது. கண் கோட்டுக்குப் போய் வருகிறது. “மேலதானே நிக்கற. இதை அந்த அலமாரி உச்சியில வச்சிடும்மா” என்று நீட்டுகிறார். அவள் வாங்கி வைக்கிறாள். கோட்டுக்கு மேலே குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது.