தலைக்கு மேல் ஒரு பின்பாட்டு

"இந்தப் பொண்ணு என் தலைமேல ஏறிப் பாடுறா. நிறுத்தச் சொல்லு!"

பாடகி குன்வோர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த தயாரிப்பாளர் தொர்க்கெல் பெருமூச்சு விட்டான்.

"எம்ப்லா, பின்பாட்டுன்னா என்ன? அவங்க குரல் ஓடுறப்ப நீ நிக்கணும். அவங்க நிக்கிறப்ப நீ ஓடணும். அவ்வளவுதானே?"

"ஆமாம்" என்றாள் எம்ப்லா. பின்பாட்டுக்கு மெட்டு எழுதுவதும் பாடுவதும் அவள்தான்.

"அப்புறம் அவங்க உச்சத்துக்குப் போறப்ப நீ ஏன் கூடவே ஏறுறே?"

"அங்க அதுதான் நல்லா இருக்கும்னு..."

"யாருக்கு? உனக்கா?" என்றாள் குன்வோர்.

இருவரும் ஒரே மைக்கின் முன்னால் நின்றுதான் பாட வேண்டும். தொர்க்கெலின் பிடிவாதம் அது. தனித்தனியாகப் பாடி ஒட்டினால் அது பஞ்சர் போட்ட டியூப் என்பான். மால்மோ நகரமே அவனைக் கேலி செய்தும் அவன் மாறவில்லை.

குன்வோரின் பயம் வேறு. குளிர்காலத்தில் மருத்துவர் அவள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ஆறு வருடம் கழித்து ஓர் ஆல்பம். மூன்று மணிக்கு இசைக் கம்பெனிக்காரர்கள் கேட்க வருகிறார்கள்.

காபி இடைவேளையில் எம்ப்லா ஏலக்காய் ரொட்டி வாங்கப் போனாள்.

அவளுடைய பாட்டுத்தாள் ஸ்டாண்டிலேயே இருந்தது. அதில் மூன்று சிவப்பு வட்டங்கள்.

குன்வோர் குனிந்து பார்த்தாள். அவள் தொண்டை வழுக்குகிற அதே மூன்று இடங்கள்.

எம்ப்லா கண்டுபிடித்துவிட்டாள். குறித்தும் வைத்திருக்கிறாள். யாரிடம் காட்டப்போகிறாள்?

ரொட்டிப் பையோடு எம்ப்லா உள்ளே வந்தாள்.

"என்னடி இது?"

எம்ப்லாவின் முகம் வெளுத்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க, ப்ளீஸ். மைக் திறந்திருக்கு."

"பயமா இருக்கா? என் எடம் வேணுமா உனக்கு?"

"இல்லைங்க. நம்புங்க."

குன்வோர் கண்ணாடியைத் தட்டினாள். "தொர்க்கெல்! ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

தொர்க்கெல் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு.

"எம்ப்லா, நீ இன்னிக்குக் கிளம்பு."

எம்ப்லா தாளைச் சின்னதாக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு போனாள்.

"சரி, பின்பாட்டே இல்லாம ஒரு தரம் பாடு" என்றான் தொர்க்கெல்.

குன்வோர் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். எம்ப்லா கூடவே ஏறிய முதல் இடம். இரண்டாவது. மூன்றாவது இடத்தில் குரல் கீறிக்கொண்டு நின்றே போய்விட்டது.

 பிறகு கதவு திறந்தது. தொர்க்கெல் அவளைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"குன்வோர், உன் குரலுக்கு என்ன ஆச்சு? ரெண்டு மாசமா தெனம் கேக்குறேன். எனக்குத் தெரியவே இல்லையே!"