திறக்காத ரிப்போர்ட்

"என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா சார்? அப்படின்னா நேரா சொல்லிடுங்க. எதுக்கு இப்படிக் கம்ப்யூட்டரை விட்டுச் சொல்ல வைக்கிறீங்க?"

மஹாலட்சுமியின் குரல் உடைந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் மறுபடியும் அதே வாசகம்: 'அனுமதி மறுக்கப்பட்டது.' தாம்பரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் இத்தனை வருஷம் டெக்னீஷியனாக இருந்தவளை, போன வாரம் வந்த புது சாஃப்ட்வேர் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்." சிறுசேரியிலிருந்து போனில் பேசிய ஹேமநாத், அந்த சாஃப்ட்வேரைக் கவனித்துக்கொள்பவன். "எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தினோம் இல்லையா, ஏதாவது ஒரு பர்மிஷன் விட்டுப்போயிருக்கும். வெளியே வந்துட்டு மறுபடி லாகின் பண்ணுங்க."

பண்ணினாள். சிவப்பு.

"வேற பேஷன்ட் ரிப்போர்ட் திறக்குதா?"

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். காலையில் வந்தது, சற்று முன் வந்தது, எல்லாமே திறந்தன. 'சாராள்' என்ற ஒரு பெயர் மட்டும் திறக்கவில்லை.

அந்தப் பெயருக்குத்தான் அவசரம். பிரசவமான பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கிறாள். பொருத்தம் பார்த்து ரத்தப் பைகள் தயாராக இருந்தன. ஆனால் மஹாலட்சுமி திரையில் ஒப்புதல் கொடுத்தால்தான் பைக்கு லேபிள் வரும். லேபிள் இல்லாத பை ரத்த வங்கியைத் தாண்டக் கூடாது.

"இன்னா மேடம், இன்னும் ஆவலையா? டாக்டரம்மா கத்திகினு கீறாங்க!" பிரசவ வார்டு ஆயா ஞானஜோதி ஐஸ் பெட்டியோடு கதவருகே நின்றாள்.

"நான் என்ன வேணும்னா பண்றேன்? திறக்க மாட்டேங்குது ஜோதி."

"கொழந்த நல்லாகீது. அந்தப் பொண்ணுதான் பாவம். தலைப்பிரசவம், வேற மதத்துல கட்டிகிச்சாம், பொறந்த வூட்டு ஆளு ஒருத்தரு வரல, புருஷங்காரன் மட்டும் தனியா நின்னுகினு கீறான். கேளம்பாக்கத்துல பெரிய ஆஸ்பத்திரியில காமிச்சிகினு இருந்துச்சாம். வலி எடுத்ததும் தாம்பரத்துக்குத்தான் போவணும்னு ஒரே அடமாம். இங்க இன்னா கொட்டிக் கெடக்குதுன்னு வந்துச்சோ!"

மஹாலட்சுமி மறுபடி பாஸ்வேர்டை அடித்தாள். அவசரத்தில் ஓர் எழுத்து தவறியது.

"வேற யாராவது ஒப்புதல் கொடுக்கலாமா மேடம்?" என்றான் ஹேமநாத்.

"எங்க ரத்த வங்கி டாக்டர் ஆஸ்டின் கொடுக்கலாம். வண்டலூர்ல ரத்ததான முகாமுக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருக்கார். பெருங்களத்தூர் டிராஃபிக்ல மாட்டியிருக்கார். அவர் மொபைல்லேர்ந்து கொடுக்கச் சொல்லட்டுமா?"

"ஆஸ்பத்திரிக்கு வெளியிலேர்ந்து முடியாது மேடம். பாதுகாப்புக்காக அப்படி வெச்சிருக்கோம்."

ஹேமநாத் அவளுடைய கணக்குக்குத் தன்னால் கொடுக்க முடிந்த எல்லா அனுமதியையும் தற்காலிகமாகக் கொடுத்துப் பார்த்தான். அப்போதும் சிவப்புதான்.

"அப்ப விஷயம் வேற மேடம். உங்களுக்கு அனுமதியெல்லாம் சரியா இருக்கு. ஆனா 'கூடாது'ன்னு தனியா ஒரு தடை விழுந்திருக்கு. ஆயிரம் அனுமதி கொடுத்தாலும், ஒரு தடை இருந்தா அதுதான் நிக்கும்."

"எனக்குத் தடையா? யார் போட்டது? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"இருங்க, தேடறேன்... ஆங், இதான். உங்க ஆஸ்பத்திரியே கேட்டு வெச்ச விதி. ஸ்டாஃப் தன்னோட சொந்தக்காரங்க டெஸ்ட்டுக்குத் தானே ஒப்புதல் கொடுக்கக் கூடாது. இவங்க உங்களுக்கு உறவா?"

மஹாலட்சுமிக்கு எரிச்சல் பொங்கியது. "சாராள்னு எங்க குடும்பத்துல எப்படி சார் இருப்பாங்க? நாங்க பெருமாளைக் கும்பிடறவங்க. அதோட எனக்குச் சொந்தம்னு யாரும் கிடையாது. வீட்டுல நான் ஒருத்திதான்."

சில வருஷங்களாக யார் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் அது.

"தடையை எடுத்துத் தொலைங்க சார்!"

"உங்க நிர்வாகம் சொல்லாம என்னால எடுக்க முடியாது மேடம். அவங்க லைனுக்குத்தான் முயற்சி பண்றேன், யாரும் எடுக்கலை."

அதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். டாக்டர் ஆஸ்டின் மூச்சிரைக்க ஓடி வந்தார். "காரை ரோட்டோரமா விட்டுட்டு எவனோ ஒருத்தன் பைக்குல தொத்திக்கிட்டு வந்தேம்மா. தள்ளுங்க!"

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவர் தன் பெயரில் நுழைந்தார். முதல் தட்டலிலேயே சாராளின் ரிப்போர்ட் திறந்தது. படித்துச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார். லேபிள் வந்தது. பைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஞானஜோதி தியேட்டரைப் பார்த்து ஓடினாள்.

மஹாலட்சுமி போனை மறுபடி காதில் வைத்தாள். பயம் இருந்த இடத்தில் இப்போது கோபம் இருந்தது.

"ஒரு உயிர் ஊசலாடிக்கிட்டிருக்கு சார் அங்கே. முகம்கூடத் தெரியாத பொண்ணு. அவளையும் என்னையும் உங்க கம்ப்யூட்டர் எந்தக் கணக்குல சொந்தமாக்கிச்சு?"

மறுமுனையில் ஹேமநாத் தயங்கினான்.

"கம்ப்யூட்டர் தானா ஆக்கலை மேடம். இதை நான் சொல்லலாமான்னு தெரியலை..."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"அட்மிஷன்ல அம்மா யாருன்னு கேட்டதுக்கு, அவங்க உங்க பேரையும் நம்பரையும்தான் கொடுத்திருக்காங்க."