வாய் திறக்காத மருமகள்

"இதுல நூலகம் எங்கே இருக்குன்னு கண்டுபிடிங்க அத்தை. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாய் திறக்காம இருப்பேன்னா இதை தினமும் செய்யலாமே" என்றாள் மாமியார், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

கல்லூரிக்கு இணையதளம். மருமகள் சொந்தமாகத் தொழில் தொடங்கிப் பிடித்த முதல் வேலை. முதல்வரோ கறாராகச் சொல்லிவிட்டார்: "கம்ப்யூட்டர் பழகாத ஒருத்தர், யாரையும் கேட்காம விண்ணப்பம் அனுப்பற வரைக்கும் போகணும். இல்லேன்னா வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

அப்படி ஒருத்தர் வீட்டிலேயே இருந்தார். குறை சொல்ல ஆரம்பித்தால்தான் ஓய மாட்டார்.

"இந்தக் கட்டடம் எதுக்கு ஓடிக்கிட்டே இருக்கு? தலை சுத்துது."

மருமகள் படங்களை நிறுத்தினாள்.

"மாலை வகுப்பு இருக்கா இல்லையா? தேடித் தேடிக் கண்ணே பூத்துப் போச்சு."

அதை மேலே கொண்டுவந்து வைத்தாள்.

"வயசு வரம்பு எங்கே?"

"காலேஜ் பசங்களுக்கு அது எதுக்கு அத்தை?"

"வரம்பு இல்லேன்னா இல்லேன்னு போடேன். யாராவது வாசல் வரைக்கும் வந்துட்டுத் தயங்கித் திரும்பிடக் கூடாது இல்ல?"

எரிச்சலை அடக்கிக்கொண்டு, முதல்வரைக் கேட்டு அதையும் போட்டாள்.

கடைசியில் விண்ணப்பம். "சும்மா ஏதாவது ஒரு பேரைப் போட்டு அனுப்புங்க அத்தை."

"பொய்ப் பேர் எதுக்கு? என் பேரே நல்லாத்தானே இருக்கு."

ஒரு இடத்திலும் தடுமாறாமல் அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள் மாமியார். மருமகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தையை அப்படியே கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல்வர் போன் செய்தார். "பிரமாதம்மா. மாலை வகுப்பை மேலே வெச்சது நல்ல யோசனை. சோதனைக்குப் போட்டதை அழிச்சிட்டு இன்னைக்கே திறந்துடுங்க."

"அத்தை, நாம பாஸ்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள் மருமகள். "உங்க விண்ணப்பத்தை அழிச்சிட்டா வேலை முடிஞ்சுது."

ஈரக்கையோடு ஓடிவந்த மாமியார், மவுஸை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அதுல மட்டும் கை வெச்சிடாதே" என்றாள் மூச்சு வாங்க. "அது சோதனை இல்லம்மா. வரலாறு, முதல் வருஷம், மாலை வகுப்பு. இனிமே ராத்திரிச் சமையலை நீயும் உன் புருஷனும் பார்த்துக்கங்க."