மாஸ்டரின் டம்ளர்

முதலாளியம்மா மூக்கைச் சிந்திய கையாலேயே மாஸ்டரின் டம்ளரை எடுத்தார்.

கட்டிங் மேசைக்குப் பின்னால் துணி வெட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

தையல்கூடத்தில் எல்லா மெஷின்களும் நின்றிருந்தன. காலர் தைப்பவர், பட்டன் கட்டுபவர், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் அக்கா எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வட்டமாகக் கூடியிருந்தார்கள். முதலாளி செல்போனைத் தூக்கிப் பிடித்து, மனைவியின் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் நேற்று வந்து பேசிவிட்டுப் போன சுகாதாரப் பணியாளரால் வந்த வினை. எச்.ஐ.வி. தொட்டால் ஒட்டாது, ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தால் ஒட்டாது என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதைக் கேட்டதிலிருந்து முதலாளியம்மாவுக்கு மனசு அடித்துக்கொண்டதாம். நம் மாஸ்டரை ஒரு வருடமாக ஒதுக்கி வைத்துவிட்டோமே என்று புலம்பினாராம். விடிந்ததும் சளியோடும் இருமலோடும் கிளம்பி வந்துவிட்டார்.

ஒதுக்கி வைத்தது நிஜம்தான்.

போன மழைக்காலத்தில் காலர் தைப்பவருக்குச் சளி பிடித்து, கூடம் முழுக்கப் பரவியது. மற்றவர்கள் நாலு நாள் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தேறிக்கொண்டார்கள். மாஸ்டருக்கு மட்டும் அது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகி, ஆக்ஸிஜன் வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். சாதாரணச் சளி இவரை மட்டும் ஏன் இப்படிப் போட்டுப் புரட்டியது என்று டாக்டர்கள் தோண்டியபோதுதான் அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிற விஷயம் வெளியே வந்தது.

அவர் வேலைக்குத் திரும்பியபோது ஜன்னல் ஓரத்தில் அவருக்கென்று தனி டம்ளர் காத்திருந்தது.

முதல் வாரம் அவமானம் பிடுங்கித் தின்றது. பிறகு பொதுக் குடத்தடியில் நடப்பதைக் கவனிக்கத் தொடங்கினார். ஒருவர் வாய் வைத்துக் குடிப்பார், மிச்சத்தைக் குடத்துக்குள்ளேயே ஊற்றுவார். இன்னொருவர் வெட்டுத்துணியில் மூக்கைத் துடைத்துவிட்டு அதே கையை உள்ளே விட்டு மொள்ளுவார். அந்தக் கண்றாவியைப் பார்க்கப் பார்க்க, தனி டம்ளரே தேவலை என்றாகிவிட்டது.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார். நோயோடு சண்டை போடும் அணுக்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன, ஆனால் இன்னும் போதாதாம். அதுவரை சளிக்காரர்கள் பக்கமே போகாதீர்கள், இன்னொரு நிமோனியாவை இந்த நெஞ்சு தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலாளியம்மா தண்ணீரை மொண்டு, வாய் வைத்துப் பாதி குடித்தார். நடுவில் இருமல் வந்தது. டம்ளருக்குள்ளேயே இருமினார். வாயிலிருந்து எடுத்தபோது விளிம்போடு கோழை இழுத்துக்கொண்டு வந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள்.

மாஸ்டருக்கு அந்தக் கோழையும் அருவருப்பாக இருந்தது, அந்தக் கைதட்டலும் அருவருப்பாக இருந்தது. நேற்றுவரை அவர் வெட்டிக் கொடுத்த துணியை நுனிவிரலால் வாங்கிய கைகள் அவை.

"நீங்களும் குடிங்க மாஸ்டர். இனிமே நமக்குள்ள வித்தியாசமே கிடையாது."

டம்ளரை அவர் முன்னால் வைத்த முதலாளியம்மாவின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதுதான் மாஸ்டருக்குப் பெரிய இம்சையாக இருந்தது. நடிப்பாக இருந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்.

முதலாளி செல்போனைக் கிட்டே கொண்டுவந்து, அப்படியே கட்டிப்பிடி என்று மனைவிக்கு ஜாடை காட்டினார். முதலாளியம்மா மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி மேசையைச் சுற்றி வந்தார்.

மாஸ்டர் துணி வெட்ட வைத்திருந்த நீள ஸ்கேலை எடுத்துக் குறுக்கே நீட்டினார்.

"கிட்ட வராதீங்கம்மா. என்னோட நோய் உங்களுக்கு ஒட்டாது. உங்க சளி எனக்கு ஒட்டும். போன தடவையே செத்துப் பொழச்சேன்."

கைதட்டல் நின்றது. எவ்வளவு திமிர் பார் என்பதுபோல ஓவர்லாக் அக்கா பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தாள்.

முதலாளியம்மா அசையாமல் நின்றார். மேசைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். போன மழைக்காலம் அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் வெளிறிப்போனது. முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, பட்டன் மெஷினில் முதுகு இடிக்கும்வரை பின்னால் நகர்ந்தார்.

முதலாளியின் செல்போன் அதையும் எடுத்துவிட்டது.

அவர் குனிந்து பார்த்து முகம் சுளித்தார். நோயாளியைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதுபோல் படம் விழுந்திருந்தது. தண்ணீர் குடிக்கிற படம் நன்றாக வந்திருப்பதால் அது போதும் என்று முடிவு செய்துகொண்டார்.

அழிக்காதீர்கள் என்று மாஸ்டர் சொல்ல வாயெடுப்பதற்குள் விரலை வைத்து அழித்துவிட்டார்.

இந்த ஒரு வருடத்தில் மாஸ்டர் பிழைத்திருக்க வேண்டும் என்று நினைத்து ஒருவர் விலகி நின்றது அந்தப் படத்தில்தான் இருந்தது.