காளை படுத்த இடம்

பஞ்சத்தில் பிறந்த பிள்ளைகளை ஊரார் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு இருபது வயதானதும் எல்லைக்கு வெளியே அனுப்பி, முன்னால் ஒரு காளையை ஓட்டிவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் அது எங்கே படுக்கிறதோ, அதுவே இனி அவர்கள் நாடு. பன்னிரண்டு நாளாகியும் காளை படுக்கவில்லை. நிறைமாதக்காரியான விபியா ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனி ஒரு அடி என்னால முடியாது. நீங்க போங்க."

"காளை நிக்கலியேம்மா," என்றான் கூட்டத்தை நடத்திவந்த மாரஸ். "தெய்வ காரியம்."

"அப்ப நானும் இங்கதான்," என்று அவள் கணவன் ஸ்தாதி மூட்டையை இறக்கினான். அடுத்து ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு இருவர். கடைசியில் மாரஸைத் தவிர எல்லோரும் புல்லில் கால்நீட்டியிருந்தார்கள்.

காளை தனியாகக் கொஞ்ச தூரம் போனது. பின்னால் காலடிச் சத்தம் இல்லாததால் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்து வந்து, அவர்கள் நடுவே முன்கால்களை மடித்துப் படுத்து அசைபோடத் தொடங்கியது.

"தெய்வம் இடத்தைக் காட்டிடுச்சு!" என்று மாரஸ் கூவினான்.

விபியா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவளுக்கு முதல் வலி எடுத்தது.